பாத்திரம் ஏறாத அடுப்பு

— ஏழு கிண்ணமும் காலியாத்தான் வந்துச்சா?

— கழுவி வச்சிருந்தாங்க ஷோல்பான் அக்கா. வாசப்படியில, ஒண்ணு மேல ஒண்ணு.

— கழுவினதைக் கேக்கல தம்பி. உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்குறேன். ரெண்டு ஆப்பிள், ஒரு துண்டு ரொட்டி, ஒரு கை திராட்சை. எதுவுமே இல்லையா?

— இல்ல.

— துர்சின்பெக் பெரியவர் வீட்டுக் கிண்ணத்துல கூடவா?

— எது அவர் வீட்டுலேர்ந்து வந்ததுன்னு தெரியல. எல்லாம் ஒரே மாதிரி நீலப்பூப் போட்டது.

— எல்யோர், கேட்டுக்கோ. நான் மூணு நாள் பால் லாரியை ஓட்டிக்கிட்டு மலைமேல சுத்திட்டு இப்பத்தான் இறங்குறேன். குளிக்கல. தூங்கல. செவ்வாய்க்கிழமை உன் கையில சாவியைக் குடுத்துட்டுப் போனேன். இன்னிக்கு வெள்ளி. அதுக்குள்ள தெரு மொத்தத்தையும் பகைச்சுக்கிட்டு உக்காந்திருக்க. எப்படிய்யா முடிஞ்சுது உன்னால? ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல பேசுற ஆள் கூட இல்லையே நீ.

— நான் எதுவும் பேசல. புலாவ் செஞ்சு குடுத்தேன்.

— எப்ப?

— நேத்து மத்தியானம். பாலத்துல வேலை இல்ல, சிமென்ட் வரல. அதனால செஞ்சேன்.

— யார் செய்யச் சொன்னது?

— யாரும் சொல்லல. எங்க ஊர் கோகந்த்ல அப்படித்தான். புது வீட்டுக்குப் போனா புலாவ் செஞ்சு அக்கம்பக்கம் குடுக்கணும். நாங்க நாலு ஊர்ல வாடகைக்கு இருந்திருக்கோம், எல்லாம் வெளிநாடு. எந்த ஊருக்குப் போனாலும் சயோரா முதல்ல அதைத்தான் செய்வா. பெட்டி பிரிக்கறதெல்லாம் அப்புறம்.

— சயோரா உன் பொண்டாட்டி.

— ஆமா.

— செத்து எட்டு மாசம்னு சொன்ன.

— ஆமா.

— அவ ஞாபகமா செஞ்சியா?

— ஞாபகம்னு இல்ல. அவ இருந்தா செஞ்சிருப்பா. அவ்வளவுதான்.

— ம். இப்ப உன்னைத் திட்டவும் முடியல. சரி, கேட்டுக்கோ. எங்க பக்கம் ஒரு குடும்பம் புதுசா வந்து மூட்டையை இறக்கினா, எருலிக்னு ஒண்ணு உண்டு. ஏற்கெனவே இருக்கறவங்கதான் அவங்களுக்குச் சோறு போடணும். நம்ம தெருவுல ஏழு வீடு. ஏழு வீடும் முறை வச்சுப் போடுவாங்க. அது முடியற வரைக்கும் புதுசா வந்தவன் அடுப்புல பாத்திரம் ஏத்தக் கூடாது. குளிருக்குக் கரி போடலாம். டீ வச்சுக்கலாம், அது சமையல்ல சேர்த்தி இல்ல. வேற எதுவும் கிடையாது.

— ரெண்டு நாள் யாரும் வரலையே அக்கா.

— எப்படி வருவாங்க? கடைசி வைக்கோல் ஏத்தறதுக்கு எல்லாரும் மேல போயிருந்தாங்க. நேத்து காலையிலதான் திரும்பினாங்க. இன்னிக்கு என் வீட்டுல ஆரம்பிக்கறதா பேச்சு. உனக்கு அதுக்குள்ள பொறுக்கல. நீயே ஆக்கி, நீயே சுமந்துகிட்டு ஏழு வாசலுக்கும் போய், 'நீங்க போடற மாதிரி தெரியல, நானே போட்டுக்கிட்டேன், இந்தாங்க உங்களுக்கும்'னு சொல்லிட்டு வந்துட்ட.

— நான் அப்படிச் சொல்லல.

— நீ சொல்லல. புலாவ் சொல்லிடுச்சு.

— நல்லா இல்லையா?

— அதுதான் இன்னும் மோசம். ரொம்ப நல்லா இருந்துச்சாம். ஸினாயிதா வீட்டுல கடைசி வாய்க்குப் புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டாங்களாம். கொஞ்சம் குழைஞ்சு அடி பிடிச்சிருந்தா, பாவம் பொண்டாட்டி இல்லாதவன்னு மன்னிச்சிருப்பாங்க. கேரட்டை அப்படி ஈர்க்குச்சி மாதிரி சீவினா யாருக்குத்தான் கோபம் வராது?

— உங்க வீட்டுக் கிண்ணமும் காலியாத்தான் வந்துச்சு.

— தெரியும். என் வீட்டுக்காரர் வேலை. தின்னுட்டு, வழிச்சு நக்கிட்டு, தெரு செய்யறதைத்தான் நானும் செய்வேன்னு காலியாக் கொண்டாந்து வச்சிருக்கார். அவர்கிட்ட தனியா பேசிக்கறேன்.

— ஞாயித்துக்கிழமை என் அத்தை வராங்க அக்கா, சயோராவோட அம்மா. என் பொண்ணு உமீதாவைக் கூட்டிட்டு.

— அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். நீ காலையில ஏழு மணிக்குப் பாலத்துக்குப் போயிடுவ. திரும்பறதுக்கு ஆறு. நடுவுல மூணு வயசுக் குழந்தையை யார் பாக்கறது? துர்சின்பெக் மருமக அய்மான்கிட்ட பேசி வச்சிருந்தேன். 'என் ரெண்டு குழந்தையோட மூணா இருந்துட்டுப் போகட்டும்'னா. நல்ல பொண்ணு. நேத்து உன் புலாவ் போனதும் மாமனார் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாராம். 'நம்ம சோறு வேண்டாம்னவனுக்கு நம்ம மடி மட்டும் எதுக்கு?'

— அப்ப அவ இங்க இருக்க முடியாது.

— உன் அத்தை என்ன சொன்னாங்கன்னு இன்னொரு தடவை சொல்லு.

— வந்து பாப்பேன்னாங்க. வீடு வீடா இருந்தா குழந்தையை விட்டுட்டுப் போவேன், இல்லன்னா திங்கக்கிழமை பஸ்ல திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் கேக்கக் கூடாதுன்னாங்க.

— கறாரான பொம்பள.

— தையல்காரங்க. ஒரு தடவைதான் அளவெடுப்பாங்க.

— சரி. அழுது பிரயோஜனமில்ல. நீ அழற ஆளும் இல்ல. கிண்ணத்தை எல்லாம் எடுத்துக்கோ. ஒவ்வொரு வாசல்லயும் போய் நில்லு. வெறும் கிண்ணத்தை நீட்டு. பசிக்குதுன்னு சொல்லு.

— மன்னிப்புக் கேக்கறேன்.

— மன்னிப்புக் கேட்டா பரவாயில்லன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. அதை வச்சு அவங்க என்ன செய்ய? உப்புப் போட்டு ஊற வைக்கவா? சோறு கேளு. இந்த ஊர்ல எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் பசிக்குதுன்னு ஒருத்தன் சொன்னப்புறம் கோபமா நிக்க முடியாது.

— பசிக்கலையே அக்கா.

— பொய் சொல்லேன்.

— வராது.

— என்ன வராது? பொய்யா, பசியா?

— ரெண்டும்.

— கடவுளே. வாடகைக்கு ஆள் வேணும்னு கேட்டேன், மரக்கட்டையை அனுப்பிச்சிருக்கான். சரி, என்கிட்ட ஆரம்பி. முறையில முதல் வீடு என்னுது. நானும் கோபத்துலதான் இருக்கேன். சொல்லு.

— பசிக்குது.

— பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு. கிண்ணத்தை ஏன் நெஞ்சோட அணைச்சு வச்சிருக்க, யாராவது பிடுங்கறாங்களா? கையை நீட்டு.

— பசிக்குது அக்கா.

— அக்கா சேர்ந்துச்சு. முன்னேற்றம்தான். கடைசியா இந்த வார்த்தையை யார்கிட்ட சொன்ன? அவங்ககிட்ட எப்படிச் சொன்னியோ அப்படிச் சொல்லு.

— சயோராகிட்ட.

— எங்க வச்சு?

— ஆஸ்பத்திரியில. ரெண்டு நாளா பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பசிக்குதுன்னேன். போய் சாப்பிட்டுட்டு வாங்கன்னா. போனேன்.

— ம்.

— கீழ கறி வச்ச சம்சா வித்தாங்க. ரெண்டு சாப்பிட்டேன். சூடா இருந்துச்சு, ஆற விட்டுச் சாப்பிட்டேன். மேல வந்தப்ப அவ இல்ல. அதுக்கப்புறம் பசிக்கறதில்ல. மணி பாத்து சாப்பிடுவேன்.

— கிண்ணத்தைக் குடு.

— இன்னும் சரியாச் சொல்லலையே.

— குடுன்னு சொன்னேன்ல. இங்கயே நில்லு. உள்ள பார்லி சூப் இருக்கான்னு பாக்கறேன். இல்லன்னா என் வீட்டுக்காரர் தட்டுலேர்ந்து பிடுங்கிட்டு வரேன். நகராத.

*

— நின்னுகிட்டே சொல்லாத, உக்காரு. நேத்தும் இன்னிக்குமா எத்தனை வீடு முடிஞ்சுது?

— உங்களோட சேர்த்து ஆறு.

— முழுசாச் சொல்லு. நான் லாரிக்கு எண்ணெய் மாத்திக்கிட்டு, யார் வாசல்ல என்ன நடக்குதோன்னு கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்து சுளுக்கே பிடிச்சுக்கிச்சு. ஸினாயிதா என்ன பண்ணினா?

— பசிக்குதுன்னேன். வாசல்லயே அழுதாங்க. வெள்ளரிக்கா ஊறுகாய், உருளைக்கிழங்கு, ஒரு ஜாடி ஜாம். புலாவுல என்ன மசாலான்னு கேட்டாங்க.

— சொன்னியா?

— சீரகம். சொன்னேன்.

— கபார் வீட்டுல?

— உள்ள கூப்பிட்டார். கையால இழுத்த நூடுல்ஸ் ஒரு கிண்ணம் வச்சார். எதிர்ல உக்காந்து முடிக்கற வரைக்கும் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தார். முடிச்சதும் 'ம்'ன்னார். திரும்பவும் கிண்ணத்தை நிரப்பினார்.

— அவர் 'ம்'ன்னா நீ ஜெயிச்சுட்ட. எனக்கு இருபது வருஷத்துல ரெண்டு 'ம்'தான் கிடைச்சிருக்கு. அந்தத் தேனீக்காரர்?

— தேன். அடையோட. ஒரு கோழியையும் பிடிச்சுக்கிட்டு வந்தார். கோழி உயிரோட இருந்துச்சு. சமைக்கக் கூடாதேன்னேன். ஆமால்லன்னு திருப்பி விட்டுட்டார்.

— டிராக்டர் ரிப்பேர் பண்ற அண்ணன் தம்பி?

— தம்பி மட்டும் இருந்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாதாம். ரெண்டு பேரும் டப்பா மீன் சாப்பிட்டோம். வாத்தியாரம்மா வீட்டுல பவுர்சாக்னு மாவு உருண்டை பொரிச்சுக் குடுத்தாங்க. பை நிறைய. எனக்கு ஒண்ணு சொல்லணும் அக்கா.

— சொல்லு.

— இன்னிக்குக் காலையில பசிச்சுது.

— என்ன?

— எழுந்து முகம் கழுவும்போது. நிஜமாவே. மணி பாக்கல. என்னக்கா, கண்ணைத் துடைக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. எண்ணெய் கையால கண்ணைத் தொட்டுட்டேன். சரி, பெரியவர் வீடு என்னாச்சு?

— திறக்கல.

— தட்டினியா?

— மூணு தடவை போனேன். ஜன்னல்ல நின்னார். நான் கிண்ணத்தை நீட்டினேன். திரையை இழுத்து விட்டுட்டார்.

— அந்த ஆளு இருக்காரே. அறுபத்தெட்டு வயசுல ஆறு வயசுப் பிடிவாதம். அய்மான் எட்டிப் பாத்தாளா?

— இல்ல.

— நாளைக்கு உன் அத்தை எத்தனை மணிக்கு வராங்க?

— பதினொண்ணு. அல்மாத்திலேர்ந்து காலையில கிளம்பற வண்டி.

— இங்க பாரு. ஒரு வீடுதான் பாக்கி. அந்த ஆள் திறக்கவே போறதில்ல. நீ காலையில நல்லா ஒரு சூப் வச்சுடு. வீடு மணக்கட்டும். புகைபோக்கியில கரிப்புகை எப்படியும் வரும், அதுல சூப்பு வேகுதா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? நான் கண்டுக்க மாட்டேன்.

— வேண்டாம் அக்கா.

— உன் பொண்ணு விஷயம்டா.

— ஆறு வீடு போட்டிருக்கு. ஏழாவதைக் கடந்து போக முடியாது.

— உங்க ஊர் வழக்கமா இது? இல்லையே. எங்களுக்கே பாதிப் பேருக்கு இப்ப இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

— வாத்தியாரம்மா பவுர்சாக் பொரிக்கும்போது கையைச் சுட்டுக்கிட்டாங்க. என்கிட்ட காட்டிக்கக் கூட இல்ல. கதவு மூடினப்புறம் உள்ள அவங்க பொண்ணு கேக்குது, ஏம்மா அழற, சுட்ட கை எரியுதான்னு. அப்படிப் போட்ட சாப்பாடு. நான் திருட்டுத்தனமா சூப் வைக்க மாட்டேன்.

— உன்னை மரக்கட்டைன்னு சொன்னேன்.

— சொன்னீங்க.

— திரும்ப எடுத்துக்கறேன். கொஞ்சம்தான். முழுசா இல்ல.

*

— தூங்கிட்டாளா மாப்பிள்ளை?

— தூங்கிட்டா அத்தை. ஷூவைக் கழட்ட விடல. அப்படியே படுத்துட்டா.

— ரெண்டு நாள் பஸ். எல்லையில மூணு மணி நேரம் வரிசையில நின்னோம். சிணுங்கவே இல்ல. வீட்டைப் பாக்கலாமா?

— ரெண்டு ரூம்தான். இது படுக்கறது.

— ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருக்கே. நீங்களா?

— ஆமா. காத்து வருது.

— நேரா ஒட்டியிருக்கீங்க. தண்ணி?

— முற்றத்துல குழாய். கம்பளி சுத்தி வச்சிருக்கேன், உறையாது.

— அது இருக்கட்டும். பெட்டியெல்லாம் கயித்தோட அப்படியே இருக்கு.

— ஒண்ணு பிரிச்சேன்.

— மேல எழுதியிருக்கறது அவ கையெழுத்து.

— ஆமா அத்தை.

— 'கிண்ணங்கள். கவனமாத் தூக்கவும்.' யாருக்கு எழுதினா இதை?

— எனக்குத்தான். நான் அவசரப்படுவேன்.

— ம். சமையலறை எங்க?

— இதுதான்.

— இதுவா? சட்டி கவிழ்ந்து கிடக்கு. அடுப்பு மேல ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்ல. கரி மட்டும் எரியுது. மாப்பிள்ளை, நீங்க என்ன சாப்பிடறீங்க?

— தெருவுல குடுக்கறாங்க.

— குடுக்கறாங்கன்னா? பிச்சையா?

— முறை. புதுசா வந்தவங்களுக்கு ஏழு வீடும் சாப்பாடு போடணும். முடியற வரைக்கும் நாம சமைக்கக் கூடாது. இங்க அப்படி.

— எத்தனை வீடு முடிஞ்சுது?

— ஆறு.

— ஏழாவது?

— திறக்கல.

— எப்ப திறப்பாங்க?

— தெரியல. திறக்க மாட்டாங்களோ என்னவோ. என் தப்புதான். முறை தெரியாம ஒண்ணு பண்ணிட்டேன்.

— அது இருக்கட்டும். உமீதா எழுந்தா என்ன குடுப்பீங்க?

— ரொட்டி இருக்கு. வெண்ணெய், தேன், பவுர்சாக், ஜாம்.

— சூடா?

— டீ.

— மூணு வயசுக் குழந்தை. ரெண்டு நாள் பஸ்ல பிஸ்கட் தின்னுக்கிட்டு வந்திருக்கா. சூடா ஒரு வாய் சூப் வேணும் அவளுக்கு. வையுங்க. இல்ல, நகருங்க. நான் வைக்கறேன். கேரட் எங்க இருக்கு?

— வேண்டாம் அத்தை.

— என்ன வேண்டாம்?

— நீங்களும் வைக்கக் கூடாது. இந்த அடுப்புல இப்ப யாரும் பாத்திரம் ஏத்தக் கூடாது.

— நான் கிளம்பும்போது என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— வீடு வீடா இருக்கணும்னேன். சமையல் இல்லாத வீட்டுல என் பேத்தியை விட மாட்டேன். நாளைக்குக் காலையில வண்டி. தெரியுமில்ல?

— தெரியும்.

— தெரிஞ்சும் நகர மாட்டீங்க.

— மாட்டேன். அத்தை, கொஞ்சம் கேளுங்க. இந்த அடுப்புல நான் பாத்திரம் ஏத்தினா உமீதாவுக்கு இன்னிக்கு ஒரு கிண்ணம் சூப். ஏத்தலன்னா அவளுக்கு இந்தத் தெரு. நான் பாலத்துல இருப்பேன். அவளுக்குப் பசிச்சா, விழுந்தா, பயந்தா, ஏதாவது ஒரு கதவைத் தட்டணும். நாலு ஊர்ல இருந்தோம். எனக்கு ஒரு கதவும் தெரியாது. சயோராவுக்குத் தெரியும். அவ போன அன்னிக்கு வீட்டுக்கு நிறைய பேர் வந்தாங்க. அழுதாங்க. எனக்கு ஒருத்தர் பேரும் தெரியல. அவங்க எல்லாருக்கும் என் பேர் தெரிஞ்சிருந்துச்சு. அதை அவ எப்படிச் செஞ்சான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இங்க வந்து ஆறு கதவைத் தட்டினேன். ஆறு பேர் தெரியும் இப்ப. ஏழாவது திறக்கலன்னா காத்திருப்பேன். நீங்க கூட்டிட்டுப் போனாலும் காத்திருப்பேன். அடுத்த மாசம் திறந்தா வந்து சொல்வேன், இப்ப குடுங்கன்னு. கேக்கக் கூடாதுன்னீங்க. கேப்பேன்.

— இவ்வளவு நீங்க பேசி நான் கேட்டதில்ல.

— நானும் கேட்டதில்ல.

— கதவை யாரோ தட்டறாங்க.

— தம்பி, நான்தான், ஷோல்பான். குழந்தை தூங்குதா? நான் மெதுவாத்தான் பேசறேன். சலாம் அக்கா. நான் இந்த வீட்டுக்காரி. மெதுவாப் பேசறதே எனக்கு இப்படித்தான், மன்னிச்சுக்கோங்க. எல்யோர், சட்டையை மாத்து. குழந்தையைத் தூக்கிக்கோ. துர்சின்பெக் வீட்டுல கூப்பிடறாங்க.

— திறந்துட்டாரா?

— திறந்தாரா? காலையிலயே ஆடு அறுத்தாச்சு. தெரு மொத்தமும் அங்கதான் இருக்கு. நான் போய் நல்லாக் கத்தினேன். ஏன்யா, ஒருத்தன் மூணு தடவை வெறும் கிண்ணத்தோட வந்து நின்னானே, கல்லா நீன்னு. அதுக்கு அவர் சொல்றார், 'நீங்கல்லாம் கிண்ணத்துல ஊத்தி அனுப்பிட்டீங்க. நான் வாசல்ல வச்சுப் போடற ஆள் இல்ல. குடும்பம் வந்து இறங்கினாத்தான் எருலிக். அவன் குடும்பம் ஞாயித்துக்கிழமைதானே வருது. பாதி குடும்பத்துக்கு என் வீட்டுல விரிப்பு விரிக்க மாட்டேன். அதுவரைக்கும் அவன் முகத்தைப் பாத்தா மனசு இளகிடும், அதான் திரையைப் போட்டேன்.' அந்த மூணு தடவையும் அவரும் சாப்பிடாம எழுந்து போயிட்டாராம். அய்மான் சொன்னா.

— அத்தை.

— நான் எதுக்கு மாப்பிள்ளை? நாளைக்குக் கிளம்பறவ. நீங்க போயிட்டு வாங்க.

— அதெல்லாம் நடக்காது அக்கா. பெரியவர் தலை எண்ணி வச்சிருக்கார். மூணுன்னார். ரெண்டு பேர் போனா என்னைத்தான் கடிப்பார்.

*

— குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவன் முன்னால போகட்டும் அக்கா. நாம மெதுவா நடப்போம். உங்களுக்கு மூட்டு வலின்னீங்களே.

— மூட்டு வலி இல்ல, உக்காந்து எழுந்தா பிடிச்சுக்குது. அஞ்சு மணி நேரம் தரையில உக்கார வச்சுட்டாங்களே.

— பெரிய விருந்தாளிக்கு வைக்கற ஆட்டுத் தலையைக் கொண்டாந்து உங்க முன்னால வச்சாரே பெரியவர். எனக்கு உள்ளுக்குள்ள பொறாமைதான். என் கல்யாணத்துக்குக் கூட என் முன்னால யாரும் வைக்கல.

— எனக்கு அதை எப்படி வெட்டறதுன்னே தெரியல. அவர் கையைப் பிடிச்சுக் காட்டினார். முதல்ல காதை எடுத்து உமீதாவுக்குக் குடுக்கச் சொன்னார். சொன்ன பேச்சைக் கேக்கற பொண்ணா வளரட்டும்னு. அவ என்ன பண்ணினா தெரியுமா? பாதியைக் கடிச்சுட்டு மீதியை அவர் வாயில வச்சா.

— பாத்தேன். மனுஷன் காதை மென்னுக்கிட்டே மீசையைத் துடைக்கற மாதிரி கண்ணைத் துடைச்சார். எங்களுக்குத் தெரியாதாக்கும்.

— அய்மான் நல்ல பொண்ணு. மூணு குழந்தைக்கும் ஒரே தட்டுல ஊட்டினா. யாருக்கும் முன்னப் பின்ன போகல. நான் கணக்கெடுத்துக்கிட்டேதான் இருந்தேன்.

— நாளையிலிருந்து கொண்டாந்து விடச் சொல்லிட்டா. அவ மாமனாரே சொன்னார்.

— கேட்டேன். அது இருக்கட்டும். உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுல துக்கத்துக்கு ஏழாம் நாள் சாப்பாடு. மாப்பிள்ளை முன்னால தட்டு வச்சோம். முப்பது பேர் சொல்லியும் தொடல. மணி ஒண்ணானதும் தானா எடுத்து, அளந்த மாதிரி நாலு வாய் தின்னுட்டு வச்சுட்டார். எனக்குப் பயமா இருந்துச்சு. இவரை நம்பி எப்படிக் குழந்தையை விடறதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன். இன்னிக்கு ரெண்டாவது தட்டு கேட்டார். நீங்க பாத்தீங்களா?

— வாய் விட்டுக் கேட்டான். 'இன்னும் கொஞ்சம்'னு.

— என் பொண்ணு போனப்புறம் நான் பாத்த முதல் நல்ல காரியம் அதுதான். இந்தத் தெரு செஞ்சது. நாங்க எங்க ஊர்ல எத்தனையோ பேர் இருந்தோம், எங்களால முடியல. பிசிறு இல்லாத தையல் மாதிரி இருக்கு உங்க காரியம். உள்பக்கம் திருப்பிப் பாத்தாலும் முடிச்சு தெரியல.

— அப்ப மனசு மாறிடுச்சுன்னு சொல்லுங்க. குழந்தையை விட்டுட்டுப் போறீங்க.

— இல்ல.

— இல்லையா?

— விட்டுட்டுப் போக மாட்டேன். எட்டு மாசமா என் பக்கத்துல படுத்துத் தூங்கறா. கழுத்துல கையைப் போட்டாத்தான் கண் மூடுவா. அவ என்கிட்டதான் இருப்பா. அதுல மாத்தமில்ல.

— அக்கா, நான் குறுக்க பேசறேன்னு நினைச்சுக்காதீங்க. நான் வெறும் வாடகைக்கு விட்டவ. ஆனா இங்க வந்தப்புறம் அவனை நீங்க இன்னிக்குத்தான் பாத்தீங்க. நான் வெள்ளிக்கிழமை பாத்தேன். பசிக்குதுன்னு சொல்லத் தெரியாம கிண்ணத்தைக் கட்டிக்கிட்டு நின்னான். ரெண்டே நாள்ல இந்த அளவுக்கு வந்திருக்கான். குழந்தையை எடுத்துட்டீங்கன்னா மறுபடி மணி பாத்துத்தான் சாப்பிடுவான். அவனுக்கு யாரு இருக்கா?

— எனக்கு மட்டும் யாரு இருக்கா? மகன் இருக்கான், மருமக இருக்கா. நல்லவங்கதான். நான் ஒரு வாரம் இல்லன்னாலும் அந்த வீட்டுல எந்த வேலையும் நின்னுபோகாது. பக்கத்து வீட்டுக்காரங்க பத்து நாள் கழிச்சுத்தான் எங்க காணோம்னு கேப்பாங்க.

— அதுக்காக?

— அதுக்காகத்தான் உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன். மாப்பிள்ளைக்கிட்ட இன்னும் சொல்லல. முதல்ல உங்களைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு.

— என்னை என்ன கேக்கணும்?

— மருமகன் வீட்டுல மாமியார் நிரந்தரமாத் தங்கறது எங்க பக்கம் வழக்கமில்ல. தையல் மெஷின் போடற அளவுக்கு ஒரு ரூம் இருந்தாப் போதும். இந்தத் தெருவுல இன்னொரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா?